கஞ்சாவுக்கு ஜெயிலும் வேண்டாம், டாஸ்மாக்கும் வேண்டாம்

கஞ்சா வழக்கில் ஜாமீன் மனு போட வருகிற குடும்பங்களில் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் போவதில்லை. பெரும்பாலும் பையனின் தாய்மாமனோ சித்தப்பாவோ கேட்பார். "அரசாங்கமே கடை திறந்து வச்சு பிராந்தி விக்குது வக்கீலம்மா. இவன் ஒரு பொட்டலம் வச்சிருந்ததுக்கு ஜெயிலா?"

நான் மதுரையில் வழக்கறிஞராக இருக்கிறேன். என் மேசைக்கு இரண்டு வகைக் கட்டுகள்தான் அதிகம் வரும். ஒன்று, ஜீவனாம்சம், குடும்ப வன்முறை மனுக்கள். மற்றொன்று, என்.டி.பி.எஸ். என்று நாங்கள் சொல்கிற போதைப்பொருள் தடுப்புச் சட்ட வழக்குகள், அவற்றிலும் முக்கால்வாசி கஞ்சா. முதல் வகையில் மனுவின் இரண்டாம் பத்திக்குள் குடி வந்துவிடும். "எதிர்மனுதாரர் மதுப்பழக்கத்துக்கு அடிமையாகி" என்று தொடங்கும் வாக்கியத்தை என் ஜூனியர் கணினியில் தனியாகச் சேமித்தே வைத்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, பெயரை மாற்றினால் போதும். இந்த இரண்டு கட்டுகளையும் அடுத்தடுத்துப் படித்துக்கொண்டே இருக்கிறவள் என்பதால் அந்த மாமாவின் கேள்வி எனக்கு வெறும் வாதமாகத் தெரிவதில்லை. அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே கேள்வியை வைத்துக்கொண்டு "அப்படியென்றால் கஞ்சாவையும் சரக்கு மாதிரி கடை போட்டு விற்கட்டும்" என்று இளைஞர்கள் பலர் எழுதும்போது எனக்கு அடிவயிறு கலங்குகிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து ஒரு பையனைப் பிடித்துக்கொண்டு போகும்வரை யாரும் இதைப் படிப்பதில்லை. 1985-இல் வந்த சட்டம் இது. 2001-இல் திருத்தியபோது எடையை வைத்துத் தண்டனையைப் பிரித்தார்கள். கஞ்சாவில் ஒரு கிலோவுக்குள் என்றால் சிறு அளவு: ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு: குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு, அபராதம் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம். நடுவில் இருப்பதற்கு 10 ஆண்டு வரை. கையில் எதுவுமே இல்லை, புகைத்தான் என்பது மட்டும்தான் குற்றச்சாட்டு என்றாலும் 27-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை உள்ளே வைக்கலாம்.

தண்டனையைவிடக் கொடியது வழக்கு நடக்கும் விதம். மற்ற குற்ற வழக்குகளில் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பின் வேலை. இங்கே பொருள் உன்னிடம் இருந்தது என்று காட்டிவிட்டால் போதும், தெரிந்தேதான் வைத்திருந்தாய் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவன் கூண்டில் நிற்பவன். 35, 54 ஆகிய பிரிவுகள் இதைத்தான் செய்கின்றன. வணிக அளவு என்றால் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். இவன் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனால் குற்றம் செய்யமாட்டான் என்று நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் ஜாமீன். விசாரணையே தொடங்காத கட்டத்தில் இதை எப்படிக் காட்டுவது? குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 180 நாள் அவகாசம், கேட்டால் ஓராண்டு வரை நீட்டிப்பு. இதற்கு மேல் தமிழ்நாட்டில் குண்டர் சட்டமும் உண்டு. 1982-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளிகளும் அடக்கம் என்பதால், வழக்கு விசாரணை இல்லாமலேயே ஓராண்டு வரை தடுத்து வைக்கலாம்.

"கஞ்சா கேஸ் போட்டுருவேன்" என்ற மிரட்டலைக் கேட்காதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. ஏன் கஞ்சாவைச் சொல்லி மிரட்டுகிறார்கள், ஏன் திருட்டு வழக்கைச் சொல்வதில்லை? திருட்டு என்றால் பொருளைப் பறிகொடுத்தவர் ஒருவர் வேண்டும். அடிதடி என்றால் அடிபட்டவர் வேண்டும். கஞ்சா வழக்கில் பாதிக்கப்பட்டவர் என்று யாரும் கிடையாது. பிடித்தவர், எடை போட்டவர், மகஜர் என்கிற கைப்பற்றல் குறிப்பை எழுதியவர், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் எல்லோரும் ஒரே நிலையத்துக்குள் அடங்கிவிட முடியும். புகார் கொடுத்த அதிகாரியே புலன் விசாரணையும் செய்தால் அந்த ஒரு காரணத்துக்காக வழக்கு விழுந்துவிடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. அதே ஆண்டில், டூஃபான் சிங் தமிழ்நாட்டுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், இந்தச் சட்டத்தின்கீழ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாக எடுக்கக் கூடாது என்றும் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னதை நான் எத்தனை நன்றியோடு நினைக்கிறேன் என்பது, ரிமாண்டுக்கு வந்து நிற்கும் பையன்களின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் புரியும்.

எடையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சட்டத்தின் வரையறைப்படி கஞ்சா என்பது அந்தச் செடியின் பூவும் காயும் பிடித்த நுனி. நுனி சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகாது. பிடிபடும் சாக்கிலோ தண்டு, இலை, விதை எல்லாம் கலந்து கிடக்கும். மொத்தத்தையும் தராசில் வைப்பார்கள். இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் ஒரு மனிதனின் பத்து வருடம் நிற்கிறபோது, தண்டின் எடை எவ்வளவு என்று கேட்டு வாதாடுவது அற்பமான வேலை இல்லை. 2023-இல் சென்னைச் சிறப்பு நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். மெரினாப் பகுதியில் 22 கிலோவோடு பிடித்ததாகச் சொல்லப்பட்ட இருவர் விடுதலையானார்கள். கைப்பற்றிய கஞ்சாவில் மிகப் பெரும்பகுதியை எலி தின்றுவிட்டது என்று காவல்துறை சொன்னது. பலரும் சிரித்துவிட்டுக் கடந்துபோனார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எலி தின்றதாகச் சொல்லப்பட்ட அந்தச் சாக்கின் எடையை வைத்துத்தான் அந்த இருவரின் எதிர்காலம் தீர்மானமாக இருந்தது.

அதே செடியின் இலையை அரைத்த பாங்கை ராஜஸ்தானின் ஜெய்சால்மரில் அரசு உரிமம் பெற்ற கடையில் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கலாம். காசியிலும் அப்படித்தான்.

என்னிடம் வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அப்ரன்டிஸ் வேலைக்குக் காத்திருந்தவன். அம்மா பூக்கட்டி விற்கிறவர். பையில் இருந்தது இரண்டு மூன்று பொட்டலம், நூறு கிராம்கூட வராது. சில வாரம் உள்ளே இருந்தான். வழக்கு கடைசியில் அபராதத்தோடு முடிந்தது. சட்டத்தின் கணக்கில் அது லேசான முடிவு. ஆனால் அப்ரன்டிஸ் வேலைக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் போனபோது வழக்கு வெளியே வந்தது, வேலை போனது. அதைவிட என்னைப் பாதித்தது வேறு. உள்ளே போகும்போது பொட்டலம் எங்கே கிடைக்கும் என்பது மட்டும் தெரிந்தவனாக இருந்தான். வெளியே வந்தபோது ஆந்திராவின் பாடேரு மலைப் பக்கமிருந்தும் ஒடிசாவின் மல்கான்கிரியிலிருந்தும் சரக்கு எப்படி வருகிறது, எந்த ரயிலில் யார் ஏற்றுகிறார்கள், ஒரு நடை போய் வந்தால் எவ்வளவு தருவார்கள் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. சிறையில் அவனோடு ஒரே அறையில் இருந்தவர்கள் சொல்லிக்கொடுத்தது. அவன் அம்மா இப்போது என்னைப் பார்க்க வருவதில்லை. மார்க்கெட்டில் கண்டால் தலையாட்டிவிட்டுப் போகிறார்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, குடியைவிடக் கஞ்சா பெரிய கேடா என்று கேட்டால், புள்ளிவிவரம் அப்படிச் சொல்லவில்லை. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நாடு முழுக்க எடுத்து 2019-இல் வெளியான கணக்கெடுப்பில், மது குடிப்பவர்கள் ஏறக்குறைய 16 கோடி. கஞ்சா, அதன் பிசினான சரஸ், பாங்கு எல்லாம் சேர்த்து 3.1 கோடி. மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் 5.7 கோடி, கஞ்சா வகையில் 72 லட்சம். உலக அளவில் 2019-இல் மட்டும் மதுவால் 26 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று 1988-லேயே உறுதி செய்யப்பட்டது. அளவுக்கு மீறிக் குடித்தால் அன்றைக்கே சாகலாம். அப்படி ஒரே இரவில் அளவு மீறிக் கஞ்சா புகைத்ததாலேயே செத்தவர்கள் அநேகமாக இல்லை. கல்லீரல் வெந்து போய் அரசு ராஜாஜி மருத்துவமனை வார்டில் கிடப்பவர்களும், ராத்திரி பத்து மணிக்கு மேல் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளோடு உள்ளே உட்கார்ந்திருக்கிற பெண்களும் என் முதல் வகைக் கட்டுகளுக்குள் இருக்கிறார்கள்.

ஆனால் இதைக் காட்டிக் "கஞ்சா ஒன்றும் செய்யாது" என்று சொல்பவர்களோடு நான் நிற்க மாட்டேன். என் சித்தி மகன் ஒருவன், எங்கள் குடும்பத்தில் நன்றாகப் படித்தவன், கல்லூரி விடுதியில் தினமும் புகைக்கப் பழகினான். இருபது வயதில் பக்கத்து அறையில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். பிறகு டி.வி.யில் செய்தி வாசிப்பவர் தன்னைத்தான் சொல்கிறார் என்றான். மனநல மருத்துவர் எங்களிடம் நேர்மையாகப் பேசினார்: இந்த நோய் இவனுக்குள் எப்படியும் இருந்திருக்கலாம், கஞ்சா அதைச் சீக்கிரம் கிளப்பியிருக்கலாம், இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். ஐரோப்பிய நகரங்களில் நடத்தி 2019-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு வகை நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்றது. எல்லோருக்கும் வராது. யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியாது. மூளை வளர்ந்து முடிய இருபத்தைந்து வயது ஆகிறது என்கிறார்கள், பழகுகிறவர்களோ பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். அவன் இப்போது மாத்திரையில் இருக்கிறான். அவனைச் சிறையில் போட்டிருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று நினைக்கிறேன். அவன் விடுதிக்கு எதிரிலேயே ஒரு கடை இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்றும் நினைக்கிறேன்.

இந்த விவாதம் நமக்குப் புதிதும் இல்லை. 1893-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் எழுந்த கேள்வியைத் தொடர்ந்து இந்திய கஞ்சா ஆணையம் என்று ஒன்றை அமைத்தார்கள். மாக்வொர்த் யங் தலைவர். நான்கு வெள்ளையர், மூன்று இந்தியர். மாகாணம் மாகாணமாகப் போய் 1,193 சாட்சிகளை விசாரித்துப் பல தொகுதிகளில் அறிக்கை தந்தார்கள். எனக்கு அதில் பிடித்த பகுதி பைத்தியக்கார விடுதிகளைப் பற்றியது. கஞ்சாவால்தான் இத்தனை பேருக்குப் புத்தி பேதலித்தது என்று விடுதிப் பதிவேடுகள் காட்டின. ஆணையம் அந்தப் பதிவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நோயாளிகளைப் பற்றி அவரவர் ஊரில் திரும்ப விசாரித்தது. நோயாளியைக் கொண்டுவந்து விட்ட போலீஸ்காரர், காரணம் தெரியாத இடத்தில் கஞ்சா என்று எழுதிவிட்டுப் போயிருந்தது பல பதிவுகளில் தெரியவந்தது. மிதமாகப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பெரிய தீங்கில்லை, மிதமிஞ்சினால் தீங்கு உண்டு, முழுத் தடை வேண்டாம், வரி போட்டு, உரிமம் கொடுத்து, பயிரிடும் இடத்தையும் கடைகளையும் கட்டுப்படுத்துங்கள் என்று 1894-இல் சொன்னார்கள். கிட்டத்தட்ட மதுவைப் போல நடத்துங்கள் என்றுதான் சொன்னார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் சில மாநிலங்களில் உரிமக் கடைகள் நடந்தன. 1961-இன் ஐ.நா. ஒப்பந்தம் கஞ்சாவை ஹெராயினோடு ஒரே பட்டியலில் வைத்தது. மருத்துவத்துக்கு வெளியே உள்ள பயன்பாட்டை 25 ஆண்டுக்குள் ஒழிக்கச் சொன்னது. இலைக்கு மட்டும் விலக்கு கிடைத்தது, அதனால்தான் ஜெய்சால்மர் கடை. ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக வந்தது நம் 1985 சட்டம். 2020 டிசம்பரில் அந்த ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுக்க வியன்னாவில் கூடிய ஐ.நா. ஆணையம் ஆதரவாக 27, எதிராக 25 என்ற கணக்கில் வாக்களித்தது. எடுக்கலாம் என்று வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வியன்னாவில் கை தூக்கியவர்கள் டெல்லிக்கு வந்து சட்டப் புத்தகத்தைத் திறக்கவில்லை.

அப்படியானால் 1894-ஐப் போலவே இன்றும் வரி, உரிமம், கடை என்று போய்விடலாமா? இங்கேதான் நான் என் நண்பர்கள் பலரோடு பிரிகிறேன். "மதுவைப் போல" என்று அமெரிக்காவின் கொலராடோக்காரர்கள் 2012-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2014 ஜனவரி முதல் கடை திறந்தார்கள். அங்கே அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தமோ தெரிந்துதான் வாக்களித்திருப்பார்கள். தமிழ்நாட்டில் மதுவைப் போல என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: டாஸ்மாக்.

டாஸ்மாக் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1937-இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971-இல் தளர்த்தினார்கள், 1974-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், 1981-இல் மறுபடி திறந்தார்கள். 1983-இல் மொத்த விற்பனைக்கென்று டாஸ்மாக் உருவானது. கள்ளச்சாராயம் ஒழியும், தரமான சரக்கு கிடைக்கும், அரசின் கண்காணிப்பில் இருக்கும் என்பதுதான் ஒவ்வொரு கட்டத்திலும் சொன்ன நியாயம். 2003-இல் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து என்ன நடந்தது? 2023–24-இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு 48,000 கோடியைத் தாண்டியது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் கிட்டத்தட்ட கால் பங்கு இது. எந்த முதலமைச்சர் வந்தாலும் இந்தக் கால் பங்கை விட முடியாது. 2016-இல், 2017-இல், 2023-இல் ஒவ்வொரு தடவையும் 500 கடை மூடினார்கள். வருவாய் பெரிதாகக் குறையவில்லை. ஒரு டாஸ்மாக் கடையை எடுக்கச் சொல்லி 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டத்தில் செல்போன் கோபுரத்தில் ஏறிய சசிபெருமாள் உயிரோடு வீடு திரும்பவில்லை. ஊர் ஊராகப் பெண்கள் கடைகளை முற்றுகையிட்டார்கள். ஒரு தெருவில் மூடிய கடை அடுத்த தெருவில் திறந்தது.

விற்பனையால் பிழைக்கிற அரசு, குடிப்பதைக் குறைக்க உண்மையாக விரும்ப முடியாது. விரும்புகிற நல்ல அதிகாரிகள் இருக்கிறார்கள், அவர்களை நான் சந்தித்திருக்கிறேன். பட்ஜெட் அவர்களை விரும்ப விடுவதில்லை. கஞ்சாவுக்கும் ஒரு கடை திறந்து முதல் ஆண்டில் சில ஆயிரம் கோடி வந்துவிட்டால், அதன் பிறகு என் சித்தி மகனைப் போன்ற பையன்களைப் பற்றி எந்த அமைச்சரும் பேசமாட்டார்.

கடை திறந்தால் கள்ளச் சந்தை போய்விடும் என்பதையும் நம்முடைய அனுபவம் ஒப்புக்கொள்ளவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம் பக்கம். டாஸ்மாக் இல்லாத ஊர்களா அவை? குவார்ட்டர் விலையில் பாதிக்கும் குறைவாக பாக்கெட் கிடைத்தது, தினக்கூலிக்குப் போகிறவர்கள் அதை வாங்கினார்கள். வரி ஏற ஏற, வரி கட்ட முடியாதவனுக்கென்று கடைக்குப் பின்னால் இன்னொரு கடை முளைக்கிறது.

தாய்லாந்து நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் பாடம். 2022 ஜூன் 9-ஆம் தேதி கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதை ஒழுங்குபடுத்தும் சட்டம் நிறைவேறும் முன்பே கதவைத் திறந்துவிட்டார்கள். சுற்றுலாப் பயணிகள் நடமாடும் தெருக்களில் ஆயிரக்கணக்கான கடைகள் வந்துவிட்டன. மூன்றே ஆண்டில், 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று திருப்ப வேண்டியதாயிற்று. அதற்குள் அங்கே மண்ணில்லாமல் நீரில் வளர்த்த ஹைட்ரோபோனிக் கஞ்சா பெட்டிகளில் ஒளிந்து சென்னை விமான நிலையம் வரை வந்துகொண்டிருந்தது. சுங்கத் துறை பிடித்த செய்தி வராத மாதம் அபூர்வம். பொட்டலக் கஞ்சாவைவிடப் பல மடங்கு வீரியமும் விலையும் உள்ளது அது.

சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடித்துவிட்டு ஓட்டுபவரைப் பிடிக்க ஊதச் சொன்னால் போதும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற கோடு சட்டத்தில் இருக்கிறது. கஞ்சாவின் தடயம் உடம்பின் கொழுப்பில் தங்கி, போதை இறங்கி நாள் கணக்கில், சிலருக்கு வாரக் கணக்கில், சோதனையில் தெரியும். இப்போது போதையில் ஓட்டுகிறானா, போன ஞாயிற்றுக்கிழமை புகைத்தானா என்று நம் நான்குமுனைச் சந்திப்பில் நிற்கும் சார்ஜென்ட் கண்டுபிடிக்க வழியில்லை. மதுச் சட்டத்தைப் பிரதியெடுத்துப் பெயரை மாற்றினால் நடக்காது.

எனக்கு ஓரளவு ஏற்புடையதாகத் தெரிவது ஜெர்மனி 2024 ஏப்ரலில் எடுத்த வழி. வயது வந்தவர் வெளியே 25 கிராம் வரை வைத்திருக்கலாம், வீட்டில் 50 கிராம் வரை, மூன்று செடி வளர்க்கலாம். கடை கிடையாது. 500 பேர் வரை சேர்ந்து லாப நோக்கமில்லாத சங்கம் அமைத்து, தங்களுக்குள் வளர்த்துப் பகிர்ந்துகொள்ளலாம். விளம்பரம் கூடாது. இதிலும் ஓட்டைகள் இருக்கின்றன, அங்கேயே அரசியல் சண்டை ஓய்ந்தபாடில்லை. ஆனால் அதில் வியாபாரி இல்லை, வருவாய் எதிர்பார்க்கும் அரசும் இல்லை. கூட்டுறவுச் சங்கத் தேர்தல்களை நேரில் பார்த்தவள் என்பதால் அந்தச் சங்க முறை இங்கே அப்படியே நடக்கும் என்று நான் நம்பவில்லை. கிராம் கணக்கை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாம்.

நம் சட்டத்தின் சிறு அளவு ஒரு கிலோ. ஒரு கிலோ கஞ்சாவைத் தனக்கென்று எவனும் வைத்திருப்பதில்லை, அதில் விற்பவனும் இருக்கிறான். அதனால் அந்த வகைக்குள் நூறு கிராம் பையனும் தொள்ளாயிரம் கிராம் சில்லறை வியாபாரியும் ஒன்றாக நிற்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கென்று தனியாக ஓர் அளவை நாடாளுமன்றம் வகுத்து, அதையும் 27-ஆம் பிரிவையும் சிறைத் தண்டனையிலிருந்தே எடுத்துவிட வேண்டும். வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பில் அது தெரியக் கூடாது. விற்பவன்மீது வழக்கு இருக்கட்டும், ஆனால் மற்ற குற்ற வழக்குகளைப் போல அரசே நிரூபிக்கட்டும், ஜாமீன் மற்ற வழக்குகளைப் போல இருக்கட்டும். இருபத்தொன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்பவனுக்குத் தண்டனை கூடினால்கூட எனக்குச் சம்மதம். "புகைப்பவன் எங்கே போய் வாங்குவான்?" என்று என் சீனியர் கேட்பார். விற்பதைக் குற்றமாக வைத்துக்கொண்டு வாங்குவதை மன்னிப்பது முரண்பாடு என்பார். முரண்பாடுதான். அந்த முரண்பாட்டோடு வாழ்வது, தெருமுனையில் அரசுக் கடையோடு வாழ்வதைவிடக் குறைந்த தீமை என்று பதில் சொல்கிறேன். அவருக்கு ஒப்புதல் இல்லை.

2021-இல் மத்திய சமூகநீதி அமைச்சகமே, சிறு அளவில் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று பரிந்துரைத்ததாகச் செய்தி வந்தது. சட்டம் அப்படியே இருக்கிறது.

அது திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று சட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது. 64ஏ பிரிவு. போதைக்கு அடிமையானவர் 27-ஆம் பிரிவிலோ சிறு அளவு வழக்கிலோ சிக்கினால், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சை எடுத்துக்கொள்வதாகச் சொன்னால், அவர்மீது வழக்கு நடத்தக் கூடாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். எத்தனையோ பெற்றோருக்கு இது தெரியாது, சொல்லித் தருகிறவர்களும் இல்லை. நான் மனு போடும்போது மனநலப் பிரிவு மருத்துவரின் சீட்டையும் பையனின் கைப்பட எழுதிய ஒப்புதலையும் சேர்த்தே போடுகிறேன். சில நீதிபதிகள் பொறுமையாகப் படிக்கிறார்கள். மையம்தான் பிரச்சினை: அரசு மருத்துவமனையில் படுக்கை குறைவு, தனியார் மையங்கள் சிலவற்றில் சங்கிலி போட்டுக் கட்டிவைத்த கதைகளையும் கேட்டிருக்கிறேன். ஆகவே எந்த மையம் என்று விசாரிக்காமல் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். மத்திய அரசின் இலவச உதவி எண் 14446. வழக்கு வந்த பிறகுதான் கூப்பிட வேண்டும் என்றில்லை.